பதிவான பேச்சு

சட்டம் நிறைவேறிவிட்டது என்ற செய்தி வந்தபோது மேஸ்திரி ஐஸ் லாரிக்குக் கேட்டைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார். மழை இன்னும் பிடிக்கவில்லை. கடல் பக்கம் மட்டும் வானம் கறுத்துக் கிடந்தது. காற்றில் மீன் கவிச்சியோடு ஈரமும் சேர்ந்து அடித்தது. லாரி உள்ளே போனதும் கேட்டை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாள் போடுவதற்குள், ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடையிலிருந்து நாலுவிரல் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடிவந்தான்.

அவனுக்கு அந்தப் பெயர் வந்ததற்குப் பெரிய கதை ஒன்றுமில்லை. ஆலையில் மீன் வெட்டும் மேசையில் நின்ற காலத்தில் இடது கைச் சுண்டுவிரல் கத்தியோடு போய்விட்டது. அன்றைக்கு அந்தக் கூடை மீனை எந்தப் புண்ணியவான் வாங்கித் தின்றானோ என்று அவனே சொல்லிச் சிரிப்பான். இப்போது மேசையும் இல்லை, வேலையும் இல்லை. டீக்கடை பெஞ்சுதான்.

"அண்ணே, பாஸாயிடுச்சு! ரேடியோல சொல்லிட்டான்!"

"நெசமாவா?"

"அது மட்டுமா? நம்ம தொகுதி உறுப்பினரு சபையில உங்க பேச்சைத்தான் எடுத்துச் சொன்னாராம். 'துறைமுகத்து மீன் ஆலைத் தொழிலாளி ஒருத்தர் எங்கிட்ட கண் கலங்கிச் சொன்னார், எங்க மேசையில எங்களுக்கே இடம் இல்ல, ஒருத்தரையும் விடாம அனுப்புங்கன்னு.' அப்படியே உங்க வார்த்தை! எனக்குப் புல்லரிச்சுப்போச்சு."

"நான் எங்கடா கண் கலங்கினேன்?"

"கலங்காட்டி என்ன, அவரு கலங்கினதா சொல்லிட்டாரு. விடுங்க."

"பேரைச் சொன்னாரா?"

"சொல்லல. சொல்லியிருக்கணும். ஊருக்கே தெரிஞ்சிருக்கும்."

"சொல்லாததே நல்லது," என்றார் மேஸ்திரி. ஆனாலும் அவர் மனசு ஒரு சாண் உயர்ந்துதான் நின்றது. அறுபது வயதில் முதல் தடவையாக அவர் சொன்ன ஒரு சொல் கேட்டைத் தாண்டி, ஊரைத் தாண்டி, பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருக்கிற சபைக்குள் போயிருக்கிறது. நாலுவிரல் வாங்கிக் கொடுத்த டீயில் வழக்கத்தைவிடச் சர்க்கரை அதிகமாக இருப்பது போலிருந்தது.

மேஸ்திரி என்று இன்னும் எல்லாரும் கூப்பிடுகிறார்களே தவிர, அவர் மேஸ்திரியாக இருந்தது பழைய கதை. முப்பது வருடம் வெட்டுமேசையில் நின்றவர். கத்தியை மீனின் செவுளுக்குப் பின்னால் வைத்து ஒரே இழுப்பில் வால்வரை கொண்டுபோனால், முள்ளில் சதை ஒட்டாமல் துண்டு தனியாக வந்து விழும். அவர் கைக்குக் கீழே பன்னிரண்டு பேர் வேலை பார்த்தார்கள். பிறகு முதலாளி ஆலைக்குப் பின்னால் தகரக் கொட்டகைகள் கட்டினார். வேலை அனுமதித் தாளோடு வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஒரு கொட்டகைக்கு இருபது பேர். பாதிக் கூலி, இரண்டு மடங்கு நேரம். ஆறு மாதத்தில் பன்னிரண்டு பேரையும் ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பினார்கள். மேஸ்திரியை மட்டும், பழைய ஆள் என்று தயவு பார்த்து, காவல் கூண்டில் உட்காரவைத்தார்கள். அவர் முன்னால்தான் அந்தப் புது ஆட்கள் காலையில் வரிசையாகப் போவார்கள். அவர்களுக்கு அவர்தான் கேட்டைத் திறக்க வேண்டும்.

இதில் இன்னொன்றும் நடந்தது. ஐஸ் லாரி ஓட்டிக்கொண்டிருந்த அவருடைய ஒரே மகன், அந்தக் கொட்டகைக்காரர்களில் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான். மெலிந்த பெண். குளிர்நீரில் ஊறிச் சிவந்த விரல்கள். பேச்சில் அவள் நாட்டு இழுவை. மேஸ்திரி இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் பசித்தது, சாப்பிட்டார். அவளோடு பேசுவதை மட்டும் 'தண்ணி', 'கதவு' என்று ஒற்றைச் சொல்லில் நிறுத்திக்கொண்டார்.

கல்யாணமாகி ஆறு மாதம் இருக்கும். புதுச் சட்டத்தைப் பற்றி மக்கள் கருத்துக் கேட்கிறார்கள் என்று நகர மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். யார் வேண்டுமானாலும் மேடையேறலாம், ஆளுக்கு மூன்று நிமிடம். நாலுவிரல்தான் அவரை இழுத்துக்கொண்டு போனான். மேஸ்திரி ஒரு தாளில் எழுதி வைத்துப் படித்தார். பன்னிரண்டு பேரைப் பற்றிச் சொன்னார், கொட்டகையைப் பற்றிச் சொன்னார், பாதிக் கூலியைப் பற்றிச் சொன்னார். அத்தனையும் நடந்தது. எங்க மேசையில எங்களுக்கே இடம் இல்ல என்றதும் மண்டபமே அதிருகிற மாதிரிக் கை தட்டினார்கள். 'வந்தவங்களை அனுப்புங்க' என்பதோடு தாள் முடிந்துவிட்டது. 'ஒருத்தரையும் விடாம அனுப்புங்க' என்பது தாளில் இல்லை. கைதட்டல் ஏற்றிய சூட்டில் அதுவாக வாயில் வந்தது.

அந்த நேரம் மகன் லாரியோடு வெளியூரில் இருந்தான். வீட்டில் அவர் எதையும் சொல்லிக்கொள்ளவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவர் மனைவி குளியலறை வாசலில் விழுந்தாள். பக்கவாதம். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. இடது கையும் கண்களும்தான் மிச்சம். மருத்துவமனையிலிருந்து கொண்டுவந்து கட்டிலில் கிடத்தியபோது டாக்டர் சொன்னது ஒன்றே ஒன்று. "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கணும். இல்லேன்னா முதுகு புண்ணாயிடும். புண்ணு வந்தா ஆள் தாங்க மாட்டாங்க."

மறுநாளே மருமகள் ஆலை வேலையை விட்டுவிட்டாள். யாரும் கேட்கவில்லை. ஒரு வருடமாக அவள்தான் புரட்டுகிறாள், துடைக்கிறாள், சோற்றைக் குழைய மசித்து ஸ்பூனால் ஊட்டுகிறாள், தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னுகிறாள். முதுகில் ஒரு கடுகளவு சிவப்பு கிடையாது. மேஸ்திரி அவளிடம் பேசுகிற ஒற்றைச் சொற்கள் எப்போது முழு வாக்கியங்களாயின என்று அவருக்கே தெரியாது. 'அம்மாடி' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்.

சட்டம் நிறைவேறிப் பதினைந்து நாள் கழித்து வீட்டுக்கு ஒரு தபால் வந்தது. அரசாங்க முத்திரை போட்ட உறை.

மகன் அதை இரண்டு தடவை படித்தான். மருமகள் அடுப்படியில் நின்றபடி கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கை எப்போதோ காய்ந்துவிட்டது.

"என்னடா எழுதியிருக்கு?"

"அப்பா, கல்யாணமாகி மூணு வருஷம் ஆகாதவங்க அனுமதி செல்லாதாம். புதுச் சட்டம். நாப்பத்தஞ்சு நாள்ல நாட்டை விட்டுப் போயிடணுமாம். அங்க போய் அங்கிருந்து மனுப் போடணுமாம்."

"அது கொட்டகைக்காரங்களுக்குடா. இவ நம்ம வீட்டுப் பொண்ணு."

"பேரு போட்டிருக்குப்பா. இவ பேரு."

"தப்பா அனுப்பியிருப்பாங்க."

"பேரு, பொறந்த தேதி, நம்ம வாசல் நம்பர். எல்லாம் சரியாத்தான் அனுப்பியிருக்காங்க."

"மனுப் போட்டா எத்தனை நாள் ஆகும்?"

"நாளா? எங்கூட லாரி ஓட்றவனோட சம்சாரம் போட்டு நாலு வருஷமாகுது. இன்னும் ஒரு பதிலும் இல்ல."

மருமகள் முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "அத்தைக்குப் புரட்டுற நேரமாச்சு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கட்டில் கிரீச்சிடும் சத்தமும், அவள் மெதுவாக "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணுகிற சத்தமும் கேட்டது.

மகன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அப்பா, நாலுவிரல் சித்தப்பா அந்த உறுப்பினரோட ஆளுதானே? உங்களுக்கும் அவரைப் பழக்கம்தானே? ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்களேன்."

ஒரு வார்த்தை. மேஸ்திரி "பார்க்கிறேன்டா," என்று எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். மழை அன்றைக்குத்தான் பிடித்தது. பிடித்தது நான்கு நாள் விடவில்லை.

உறுப்பினரின் அலுவலகம் கடைத்தெருவில் மாடியில் இருந்தது. நனைந்த குடைகள் படிக்கட்டு நெடுக விரித்து வைக்கப்பட்டிருந்தன. நாலுவிரல் முன்னால் ஏறிப் போய், பியூனிடம் "ரேடியோல வந்த ஆளு இவருதான்" என்று காதைக் கடித்தான். உடனே உள்ளே விட்டார்கள்.

உறுப்பினர் நல்ல மனிதர். எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க, வாங்க. உங்களைத்தான் எல்லா ஊர்லயும் சொல்லிட்டு வரேன். படிச்சவன் பத்து மணி நேரம் பேசுறது ஒண்ணு, உழைச்சவன் மூணு நிமிஷம் பேசுறது ஒண்ணு."

மேஸ்திரி ஈரச் செருப்பைக் கதவோரம் விட்டுவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். சொல்லச் சொல்ல உறுப்பினரின் முகம் மாறவில்லை. பிடித்திருந்த கை மட்டும் மெல்ல விலகிப் பேனாவை எடுத்துக்கொண்டது.

"கஷ்டமான விஷயந்தான். எனக்கும் பொண்ணு இருக்கா. ஆனா பாருங்க, உங்களுக்கு ஒரு விலக்கு குடுத்தா நாளைக்கு ஆயிரம் பேரு வருவான், எல்லாரும் எங்க வீட்டுப் பொண்ணும்பான். அப்புறம் சட்டம் எதுக்கு?"

"எங்க வீட்டுல நெசமாவே நோயாளி இருக்கு சார். அவ போயிட்டா என் சம்சாரம் செத்துருவா."

"உள்ளூர் ஆளு வச்சுப் பாத்துக்கலாமே. அதுவும் ஒரு உள்ளூர்க்காரிக்கு வேலை கெடைச்ச மாதிரி ஆச்சு. நீங்க கேட்டதும் அதைத்தானே?"

மேஸ்திரி நாற்காலி நுனியிலிருந்து எழுந்தார். "சார், அன்னைக்கு நான் பேசினேனே, அதை எழுதி வச்சிருக்கீங்களா?"

"நிச்சயமா. பதிவேட்டுல ஏறியிருக்கு. அச்சடிச்சாச்சு."

"அதை எடுத்துடுங்க. நான் வாபஸ் வாங்கிக்கிறேன்."

மூலையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த எழுத்தர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "ஐயா, பதிவானது பதிவானதுதான். இந்த உலகத்துல யாரு பேசினதை யாரு வாபஸ் வாங்கியிருக்கா? வேணும்னா ஒண்ணு செய்யலாம். இந்தச் சட்டத்துக்கு விதிமுறை எழுதணும். அதுக்கு வர்ற வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மறுபடி கூட்டம் இருக்கு. அதே மண்டபம். பேரைக் குடுத்துட்டுப் போங்க. பேசுங்க."

"எத்தனை நிமிஷம்?"

"அதே மூணு நிமிஷந்தான்."

படியிறங்கிக் கீழே வந்து குடையை விரித்த பிறகுதான் நாலுவிரல் சொன்னான். "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மருமக நல்ல பொண்ணு, நான் ஒத்துக்கிறேன். ஆனா எனக்கு வேலை போய் ரெண்டு வருஷமாச்சு. இந்தச் சட்டத்தை விட்டா எனக்கு வேற கதி இல்ல. நீங்க மேடையில ஏறி வேணாம்னு சொன்னா நான் கை தட்ட மாட்டேன்."

"தட்டாதே."

"வருத்தமா இருக்குண்ணே."

"எனக்கும் அதேதான்."

இருவரும் ஒரே குடையில்தான் வந்திருந்தார்கள். கடைத்தெரு முனையில் மேஸ்திரி குடையை அவனிடமே விட்டுவிட்டு நனைந்துகொண்டு நடந்தார்.

வீட்டில், வியாழக்கிழமை மண்டபத்தில் பேசப்போவதாக மட்டும் சொன்னார். மகன் முகத்தில் வெளிச்சம் வந்தது. "நானும் வரேன்ப்பா," என்றான். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு என்ன காரணம் இருந்தது? அன்றைக்கு லாரியை வேறொருவனிடம் கொடுத்துவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து முன்வரிசைக்கு அடுத்த வரிசையில் உட்கார்ந்தான்.

மண்டபம் நிறைந்திருந்தது. வலது பக்கம் வேலை போன ஆலைக்காரர்கள். இடது பக்கச் சுவரோரம் கொட்டகை ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நாற்காலி காலியாக இருந்தும் அவர்கள் உட்காரவில்லை. மேடையில் உறுப்பினரும் இரண்டு அதிகாரிகளும் இருந்தார்கள். ஓரமாக, நேரம் பார்க்கிற பெண் மணியும் கடிகாரமுமாக இருந்தாள்.

அவருக்கு முன்னால் ஐந்து பேர் பேசினார்கள். ஒரு கடைக்காரர், வந்தவர்கள் போனால் தன் வியாபாரம் படுத்துவிடும் என்றார். ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, வகுப்பில் பாதிக் குழந்தைகள் எந்தத் தேதிவரை வருவார்கள் என்று தெரியாமல் பாடம் நடத்துகிறேன் என்றாள். ஒருவன் வீட்டு வாடகை ஏறியதற்கு வந்தவர்கள்தான் காரணம் என்றான். எல்லாருக்கும் ஒரு பக்கம் கை தட்டியது, ஒரு பக்கம் முணுமுணுத்தது.

மேஸ்திரி மைக் முன்னால் போய் நின்றார். இந்த முறை தாள் இல்லை.

"போன வருஷம் இதே எடத்துல நின்னு நான்தான் பேசினேன். ஒருத்தரையும் விடாம அனுப்புங்கன்னு. ரேடியோல சொன்னாங்களே, அது நான்தான்."

வலது பக்கம் கைதட்டல் வெடித்தது. அவர் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். நிற்கவில்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவர் கண் தானாக மகனிடம் போனது. மகன் அவரைப் பார்க்கவில்லை. தன் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தட்டாதீங்கப்பா. நான் சொல்ல வந்தது அது இல்ல. என் மருமக அந்த நாட்டுக்காரி. என் சம்சாரம் கை கால் விளங்காம கெடக்கிறா. ஒரு வருஷமா அவளை அந்தப் பொண்ணுதான் எடுத்துப் போட்டுப் பார்க்கிறா. நான் பெத்த பொண்ணு இருந்தாக்கூட அப்படிப் பார்க்க மாட்டா. அவளைப் போகச் சொல்லித் தபால் வந்திருக்கு. அவளை விட்டுடுங்க."

"அப்போ உன் வீட்டுக்கு மட்டும் வேணும், ஊருக்கு வேணாமா?" வலது பக்கத்திலிருந்து ஒரு குரல். பழைய பன்னிரண்டு பேரில் ஒருவன். மேஸ்திரியே மீன் வெட்டக் கற்றுக்கொடுத்தவன்.

"அப்படிச் சொல்லல—"

"அப்படித்தான் சொல்றீங்க!" இடது பக்கச் சுவரோரத்திலிருந்து கொட்டகைக்காரன் ஒருவன் முன்னால் வந்தான். நரைத்த தாடி, கையுறை இன்னும் இடுப்பில் செருகியிருந்தது. "தினமும் காலையில உங்களுக்கு வணக்கம் சொல்லிட்டுத்தான் கேட்டுக்குள்ள போறேன். எனக்கும் வீட்டுல மூணு புள்ளைங்க காத்துட்டிருக்கு. உங்க மருமக மட்டும் மனுஷி, நாங்க எல்லாம் யாரு?"

மண்டபம் இரண்டு பக்கமும் கொதித்தது. மேஸ்திரி மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அந்தக் கணத்தில் அவருக்கு ஏதோ ஒன்று தெளிவாகத் தெரிந்த மாதிரி இருந்தது. "நான் ஆளுங்களை அனுப்பச் சொன்னேன். கொட்டகை கட்டினவனை ஒரு வார்த்தை கேக்கல. பாதிக் கூலி குடுத்தவன் யாருன்னு கேட்டிருக்கணும். எங்களையும் அவங்களையும் ஒரே மேசையில—"

மணி அடித்தது.

"நேரம் முடிஞ்சுது," என்றாள் அந்தப் பெண்.

"இன்னும் ஒரே ஒரு—"

"எல்லாருக்கும் மூணு நிமிஷந்தான் ஐயா."

மைக் அணைந்துவிட்டது. அவர் உதடு மட்டும் கொஞ்ச நேரம் அசைந்தது. உறுப்பினர், "ஐயாவோட குடும்பக் கஷ்டத்தைக் குறிச்சுக்கிட்டோம்," என்று சொல்லி அடுத்த பெயரைக் கூப்பிட்டார். மேஸ்திரி இறங்கி வந்தபோது மகன் உட்கார்ந்திருந்த நாற்காலி காலியாக இருந்தது.

வெளியே அவன் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தான். அவர் பக்கத்தில் போய் நின்றார். பஸ் வந்தது. இருவரும் ஏறவில்லை.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்றான் மகன்.

"இல்ல."

"அவளுக்கு?"

"இல்லடா. யாருக்கும் தெரியாது. எனக்கு வேலை போன கோவம். உன்மேல இருந்த கோவம். அவளை நெனச்சு நான் பேசவே இல்ல."

"அதான்ப்பா. அவளை நீங்க நெனைக்கவே இல்ல."

அடுத்த பஸ்ஸில் அவன் ஏறிக்கொண்டான். அவர் நடந்து வந்தார்.

பிறகு மனு, மேல்மனு என்று ஒரு மாதம் ஓடியது. மனு எழுதுகிறவர், கல்யாணப் புகைப்படம், டாக்டர் சீட்டு, பக்கத்து வீட்டார் கையெழுத்து என்று கேட்டதையெல்லாம் கொடுத்தார்கள். 'தாயாரின் உடல்நிலை தகுந்த காரணமாகக் கொள்ளப்படவில்லை' என்று நான்கு வரியில் பதில் வந்தது. அன்றைக்கு மகன் தன் துணிகளையும் எடுத்து அவள் பெட்டியிலேயே வைத்தான்.

"நீ எதுக்குடா எடுத்து வைக்கிற?"

"நானும் போறேன்."

"உன்னை யாருடா போகச் சொன்னா? நீ இந்த நாட்டுக்காரன்."

"எனக்கு அவ சம்சாரம்."

"அம்மா?"

மகன் பெட்டியை மூடினான். மூடி சரியாக உட்காரவில்லை. முழங்காலை வைத்து அழுத்தினான். "அம்மாவைப் பார்க்க நீங்க இருக்கீங்களே," என்றான். மண்டபத்துக்குப் பிறகு அவன் அவரிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

மேஸ்திரி மறுநாள் போய் ஆலையில் கேட் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கொட்டகைகள் பாதி காலியாகியிருந்தன. நாலுவிரல் ஆலை வாசலில் புதுச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தான். வேலைக்குக் கூப்பிடுவார்கள் என்று நான்கு நாளாக நிற்கிறானாம். உள்ளே லாரியிலிருந்து பெரிய பெரிய மரப்பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மீன் வெட்டும் இயந்திரம். நாலுவிரலுக்கு அது என்னவென்று தெரிந்ததா இல்லையா என்று மேஸ்திரி கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் மருமகள் அவரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"மாமா, கையைக் கழுவிட்டு வாங்க. சொல்லித் தரேன்."

மனைவி கண்ணைத் திறந்து இருவரையும் பார்த்தாள். மருமகள் அவள் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டு, "அத்தை, இனிமே மாமாதான் புரட்டப் போறாரு. கொஞ்சம் முரட்டுக் கை. பொறுத்துக்கோங்க," என்றாள்.

"மொதல்ல இந்த முழங்காலை மடக்கணும். ம்ம்… அப்படித்தான். இப்போ உங்க கால் ஒண்ணைக் கட்டில் சட்டத்துல அண்டக் குடுங்க. இல்லாட்டி இடுப்பு பிடிச்சுக்கும். அத்தையோட வலது கையை நெஞ்சுமேல வைங்க, அது தானா வராது. இடது கையை உங்க கழுத்தைச் சுத்திப் போட்டுக்கணும். அவங்க புடிச்சுக்குவாங்க. அந்தக் கை புடிச்சாத்தான் நமக்குப் பாதி பாரம் குறையும். ஒண்ணு, ரெண்டு, மூணு…"

முதல் தடவை வழுக்கியது. இரண்டாம் தடவை மனைவி முனகினாள். முப்பது வருடம் கத்தி பிடித்த கைக்கு இது பிடிபடவில்லை. நான்காவது தடவைதான் சரியாகப் புரண்டாள். மருமகள் முதுகில் கை வைத்துப் பார்த்து, தலையணையை ஒட்டி வைத்தாள். "பரவாயில்ல. நாலு நாள்ல பழகிடும். சோறு ரொம்பத் தண்ணியா வேணாம், புரையேறும். இடது கன்னத்துப் பக்கமா ஊட்டணும்."

மேஸ்திரிக்கு அதற்குமேல் தாங்கவில்லை. அவளை அடுப்படிக்கு வரச்சொல்லிவிட்டு, தட்டில் இருந்த ஈரத்தைத் துடைப்பது மாதிரித் துடைத்துக்கொண்டு நின்றார்.

"அம்மாடி, ஒரு விஷயம். அந்த மண்டபத்துல… போன வருஷம்…"

"தெரியும் மாமா."

"அவன் சொல்லிட்டானா?"

"அவரு ஒண்ணும் சொல்லல. நீங்க பேசின அன்னைக்கு நான் அங்கதான் இருந்தேன். கொட்டகையில என்கூட இருந்தவங்க கூப்பிட்டாங்க, நம்மளைப் பத்திப் பேசுறாங்களாம், வான்னு. பின்னால தூண்கிட்ட நின்னேன்."

தட்டு அவர் கையில் அப்படியே நின்றது.

"நீங்க பேசி முடிச்சதும் எல்லாரும் கை தட்டினாங்க. எனக்குப் பக்கத்துல நின்ன உள்ளூர்க்காரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாங்க, நான் தட்டாம நிக்கிறேனேன்னு. எனக்குப் பயமா போச்சு. நானும் தட்டினேன்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அடுப்பில் பால் பொங்க வந்தது, அணைத்தாள்.

"அப்புறமும் ஏம்மா… ஒரு வருஷம்… உன் அத்தையை…"

"அத்தை விழுந்தப்போ வீட்டுல நான்தான் இருந்தேன். வேற யாரு தூக்குறது?" அவள் பால் பாத்திரத்தை இறக்கி வைத்தாள். "உங்களுக்காகச் செய்யல மாமா. அதை மட்டும் தெரிஞ்சுக்கோங்க."

மறுநாள் காலை ஏழு மணிக்கு வண்டி வந்தது. பக்கத்து வீட்டம்மா மனைவிக்குத் துணையாக உட்கார்ந்துகொண்டாள். மருமகள் கட்டிலண்டை குனிந்து நெடுநேரம் நின்றாள். இடது கை அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக அவள்தான் பிரித்தாள். மகன் அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

வாசலில் பெட்டியை ஏற்றும்போது மேஸ்திரி, "போனதும் சேதி சொல்லுடா," என்றார்.

"சொல்றேன். அங்க எனக்கு அனுமதித் தாள் தருவாங்களா மாட்டாங்களான்னு தெரியல. அங்கயும் ஒரு மண்டபம் இருக்குமில்ல, அங்கயும் யாராவது பேசிட்டிருப்பாங்க," என்றான் மகன். சொன்ன பிறகு அவனுக்கே கஷ்டமாகிவிட்டது போல. அவர் தோளை ஒரு தடவை தொட்டுவிட்டு ஏறிக்கொண்டான். மருமகள் ஜன்னல் வழியாக, "ஒம்பதரைக்குப் புரட்டணும் மாமா," என்றாள்.

வண்டி தெருமுனையில் திரும்பியது. அவர் உள்ளே வந்தார். பக்கத்து வீட்டம்மா அடுப்பில் வேலை கிடக்கிறது என்று எழுந்து போனாள். வீடு முழுக்க ஒரு சத்தமும் இல்லை. சுவர்க் கடிகாரம் ஒன்பதைத் தாண்டும்வரை அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் இருந்தார். மனைவி வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணை அவரிடம் திருப்பினாள். அந்தக் கண் கேட்டது. முப்பத்தைந்து வருடம் கூட வாழ்ந்தவருக்கு அது என்ன கேட்கிறது என்று தெரியும்.

"நான்தான்," என்றார் மேஸ்திரி. "ஒருத்தரையும் விடாம அனுப்புங்கன்னு மண்டபத்துல நான்தான் பேசினேன். நீ விழறதுக்கு ரெண்டு மாசம் முன்னால. அதைத்தான் சபையில எடுத்துச் சொன்னாங்க. அதனாலதான் சட்டம் வந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். நான் பேசாட்டியும் வந்திருக்கும். ஆனா பேசினேன்."

அவள் இடது கை போர்வைக்குள்ளிருந்து வெளியே வந்தது. மெதுவாக, நடுங்கி நடுங்கி மேலே எழுந்து, அவர் கன்னத்தில் விழுந்தது. வலுவில்லாத அடி. மறுபடியும் எழுந்தது, மறுபடியும் விழுந்தது. அவர் முகத்தை விலக்காமல் குனிந்தே இருந்தார். மூன்றாவது அடிக்குக் கை எழவில்லை, அவள் மூச்சிரைத்தாள். கண்ணின் ஓரத்திலிருந்து நீர் காதுக்குள் வழிந்தது. அவர் அதைத் துடைத்தார்.

ஒன்பதரை ஆகிவிட்டது.

அவர் எழுந்து கையைக் கழுவிவிட்டு வந்தார். அவள் முழங்காலை மடக்கினார். வலது கையை எடுத்து நெஞ்சின்மேல் வைத்தார். ஒரு காலைக் கட்டில் சட்டத்தில் அண்டக் கொடுத்தார். பிறகு அவள் இடது கையை எடுத்துத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு காத்திருந்தார். அது பிடிக்காமல் துணி மாதிரித் தொங்கியது. அவள் கண்ணை மூடி முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டிருந்தாள்.

"பிடிச்சுக்கோ," என்றார். "பிடிச்சாத்தான் முடியும்."

வெகுநேரம் ஆயிற்று. பிறகு அந்த விரல்கள், அவர் முகத்தைப் பார்க்காமலே, அவர் பிடரியில் இறுகின.

"ஒண்ணு," என்றார் மேஸ்திரி. "ரெண்டு."